பானெட்டில் வைத்த டீ

என் ஆசை மாமாவுக்கு,

உன் லோடு வண்டியின் பானெட்டைத் திறந்துவிட்டேன். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருநாளாவது என்னைத் திறக்க விட்டிருப்பாயா? “நீ பள்ளிக்கூட வேனு ஓட்டறவன், அதோட நில்லுடா மச்சான்” என்பாய். இப்போது என்ன செய்வாய்? கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வண்டியை விற்றுவிடலாம் என்று சொன்னவன் நான்தான். நீ போன பிறகு அதை ஓட்ட ஆளில்லை. வில்லியனூர் வீட்டு வாசலில் வேப்பிலை மூடி, டயரில் காற்று இறங்கி நின்றது. அக்கா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் அவளிடம் அந்தப் பதில்தான். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அரியாங்குப்பத்தில் இருக்கிற என் வீட்டுக்குக்கூட வருவதில்லை. அவளைப் பற்றித்தான் எனக்குப் பயமே, வண்டியைப் பற்றி இல்லை.

பாகூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. இத்தனை மாதம் நின்ற வண்டிக்கு பேட்டரி எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிடமே வண்டி குளிர்காய்ச்சல் வந்தவனைப் போல உதறத் தொடங்கியது. பின்னால் ஒரே கரும்புகை.

“மிஸ்ஸிங் அடிக்குதுங்களே. சரி பண்ணி வையிங்க, ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது மாமா. உன் வண்டியைப் போய் ஒருவர் அப்படிச் சொல்வதா? அக்காவிடம் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து, நீ தினமும் வைத்து வைத்து பானெட்டில் பெயின்ட் போன அந்த வட்டத்தில் வைத்தேன். டம்ளர் நகராமல் நின்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, நகர்ந்தால் கோளாறு. உன் பரிசோதனை அவ்வளவுதானே? டம்ளர் நடந்தே போய்க் கீழே விழுந்தது.

“ஏண்டா, அவரு வண்டி மேல டீய கொட்டற?” என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். டீசல் ஃபில்டருக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்தேன். கைப்பம்பை அமுக்கி, லைனில் இருந்த காற்றையும் எடுத்தேன். உதறல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம் நீ செய்கிற மாதிரியே எஞ்சின் ஓடும்போது டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். முதல் சிலிண்டரின் பைப்பைத் தளர்த்தினேன், எஞ்சின் திணறியது; அப்படியென்றால் அது வேலை செய்கிறது. இரண்டாவதுக்கும் திணறியது. மூன்றாவது நட்டில் ஸ்பேனரைத் திருப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“இதுக்குச் சத்தம் மாறலியேடா” என்றாள் அக்கா. அரிசி களைந்த பாத்திரத்தோடு வாசற்படிக்கே வந்துவிட்டிருந்தாள். அவள் சொன்னது சரி. மூன்றாவது சிலிண்டர் வேலையே செய்யவில்லை.

அதற்கு டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றினால் முனையெல்லாம் கரி. பம்ப் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “தெனமும் ஸ்டார்ட் பண்ணி சும்மா நிக்க வெக்கிறீங்களா?” என்று கேட்டார். யாருமே தொடுவதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். “அப்போ இவ்ளோ கரி புடிக்காதே. வண்டின்னா சூடேறி ஓடணும். லோடு ஏத்தி ஓட்டுங்க, மிச்சம் இருக்கிற கரியும் எரிஞ்சிடும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அக்கா, வண்டிய யாரு ஸ்டார்ட் பண்றது?”

அவள் முந்தானையால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“நான்தாண்டா. காத்தால டீ போடறப்போ கொஞ்ச நேரம் ஓட வுடுவேன். டீ கொதிக்கிற வரைக்கும்தான். அந்தச் சத்தம் கேக்கலன்னா டீ போடவே தோணல. வூடு அப்படியே செத்துப்போன மாதிரி கெடக்குது.”

நீ குளித்துவிட்டு வருவதற்குள் சாவியைத் திருப்பி எஞ்சினைச் சூடாக்குவது அவள்தானாமே! இத்தனை வருஷம் என்னிடம் மூச்சுவிட்டீர்களா இரண்டு பேரும்? சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். உனக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

நாசிலை மாட்டி, டயருக்குக் காற்றடித்தேன். எஞ்சின் சீராகப் பிடித்தது.

“லோடோட ஒரு ரவுண்டு போவணுமாம். ஏறுக்கா.”

“நான் இன்னா லோடாடா?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள் மாமா.

பாகூர் ஏரிக்கரை வரைக்கும் போனோம். முதலில் வந்த புகை போகப் போகத் தெளிந்தது. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். கரையில் ஓரமாக நிறுத்தினேன்.

“வண்டி வாங்க வந்தவர ஞாயித்துக்கெழம வர வேணாம்னு சொல்லிடு” என்றாள்.

“சரி. ஆனா வண்டிய யாரு ஓட்டறது?”

“நீதான். அந்த வேன வுட்டுட்டு வா. காத்தால டீ போட்டு வெக்கிறேன்.”

மறுநாளே போனேன். டம்ளரை அந்த வட்டத்தில் வைத்துவிட்டு அக்காதான் சாவியைத் திருப்பினாள். டீயின் மேல் ஏடு லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது. நான் குடித்துவிட்டு லோடுக்குக் கிளம்பினேன்.

இனி உன் வண்டி வாசலில் சும்மா நின்று உறுமாது மாமா, அதற்கு நான் பொறுப்பு. கல்லறைத் திருநாளுக்கு அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்னால் பூவும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு அதிலேயே வருகிறேன். கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன். படுத்தபடியே கேட்டுச் சொல், மூன்றாவது சிலிண்டர் சரியாக அடிக்கிறதா?

பானெட்டைத் திறந்துவிட்ட,
உன் மச்சான்
அந்தோணி