பத்து வயதுப் பையனின் குரல்

மார்ச் 4
வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். குழாய் ரிப்பேர் ஆபீசிலிருந்து போன். "சொல்லுங்க சார்" என்றாள் ஒரு பெண். நான் திருத்தவில்லை. பத்து நிமிடம் என் கணவராகவே பேசி, ஆள் வரும் நேரத்தையும் முடிவுசெய்தேன். அந்த மனிதர் எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு வந்தது. அப்புறம்தான் என் தொழில் நினைவுக்கு வந்தது. பதினோரு வருடமாகக் கார்ட்டூன் தொடரில் ஒரு வாலுப் பையனுக்குக் குரல் கொடுப்பவள் நான். எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. அவனுக்கு இன்னும் பத்துதான். கொடுத்துவைத்தவன்.

மார்ச் 9
டைரக்டர் நெளிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பையனுக்கு மீசை முளைச்ச மாதிரி இருக்குன்னு தயாரிப்பாளர் சொல்றாரு."

பதினாறாம் தேதி குரல் தேர்வாம். பதிவுகள் பெயர் இல்லாமல் போகும். தயாரிப்பாளர் கேட்டு முடிவுசெய்வார். போட்டிக்கு, அதே தொடரில் முயலுக்குப் பேசும் இருபத்து மூன்று வயதுப் பெண். பையன் கைவிட்டுப் போனால் எனக்கு மிஞ்சுவது ஒரு சூனியக்காரியும் ஓர் எருமையும்.

மார்ச் 10
ஒலிப்பதிவாளர் தம்பி கணினியில் அளந்தான். என் குரல் நொடிக்கு நூற்று எழுபத்தெட்டு அதிர்வு; பத்து வயதுப் பையனுக்கு இருநூற்று ஐம்பதாவது வேண்டுமாம். "வயசானா பொம்பளைங்க குரல் இறங்கும்க்கா. ஆம்பளைங்களுக்கு ஏறும்." வீட்டுக்காரரையும் போனில் பேசவைத்து அளந்தோம்: நூற்று நாற்பத்தைந்து! இன்னும் பத்து வருடத்தில் இருவரும் ஒரே சுருதியில் சண்டை போடலாம். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரிதான் தவித்துப்போவாள்.

மார்ச் 11
பிடித்துவிட்டேன்! "இப்ப கத்துங்கக்கா" என்றான் தம்பி. கத்தினேன். இருநூற்றுத் தொண்ணூறு! சத்தம் ஏறினால் சுருதியும் கூடவே ஏறுகிறது. கிசுகிசுத்தேன் — எண்ணே வரவில்லை. "கிசுகிசுப்புல வயசு பிடிபடாதுக்கா." இத்தனை வருடம் வம்பு பேசியே இளமையைக் காப்பாற்றியிருக்கிறேன், தெரியாமல் போயிற்றே.

ஆகவே, என் பையன் இனி கத்துவான், இல்லையென்றால் ரகசியம் பேசுவான். நடுவில் ஒன்றும் கிடையாது. நிஜப் பையன்கள் வேறென்ன செய்கிறார்கள்?

மார்ச் 12
காபி இடைவேளையில் முயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது. "எனக்குப் பையன் வரவே மாட்டேங்கறான் ஆன்ட்டி."

"கத்திப் பழகு. தெருவுக்கே கேக்கணும். தினம் ரெண்டு மணி நேரம்."

ரகசியத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஜெயிக்கப்போகிறவளுக்குத்தானே தாராள மனசு வரும்!

மார்ச் 16
கத்தினேன். கிசுகிசுத்தேன். தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டான். பிரமாதம்.

மார்ச் 20
நான்தான்! கேட்டதுமே "இவன்தான் நம்ம பையன்" என்றாராம் தயாரிப்பாளர். கேக் வாங்கிப்போனேன். "இளமை வயசுல இல்லீங்க, வித்தையில இருக்கு" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"சரி, கத்தாதே" என்றார்.

மார்ச் 23
படிக்கட்டில் முயலைப் பார்த்தேன். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். "மனசுல வச்சுக்காதேம்மா, உனக்கும் காலம் வரும்" என்று முதுகைத் தட்டினேன்.

வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலேயே சொன்னாள்: "நீங்க சொன்ன மாதிரியே கத்தினேன் ஆன்ட்டி. ரெண்டே நாள்ல தொண்டை போயிடுச்சு. தேர்வு அன்னிக்கு நான் வரவேயில்ல."

தம்பியிடம் கேட்டேன். தயாரிப்பாளருக்குப் போனது ஒரே ஒரு பதிவுதானாம்.