அப்பாவின் அப்பா: மேற்படி

மார்ச் 3
எண்பத்து நான்கு வயதில் அப்பாவுக்குப் புது ஆசை. "எங்கப்பா பேரு என்னன்னு பாத்துச் சொல்லும்மா. போறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்." அவர் பிறக்கும் முன்பே தாத்தா போய்விட்டார், பெற்றதோடு பாட்டியும். வளர்த்த தாய்மாமன் எல்லாப் படிவத்திலும் தன் பெயரையே போட்டுவிட்டார். கேட்டால், நான் இருக்கிறேன் அல்லவா என்பாராம்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மார்ச் 6
வேலைதான். மூன்று கவுன்ட்டர், நான்கு படிவம். என் பழைய நாற்காலியில் இருந்த பெண் நாளைக்கு வரச் சொன்னாள். இதையே நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இவ்வளவு எரியும் என்று தெரியாமல் போயிற்று.

மார்ச் 7
இன்றும் நாளைக்குத்தான்.

மார்ச் 11
பதிவேடு கிடைத்தது. தேதி சரி, பாட்டியின் பெயர் சரி. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் 'மேற்படி'. மேல் வரியில் இருப்பது வேறு யார் வீட்டுக் குழந்தையோ, தகப்பன் ரொட்டிக்கடைக்காரர்.

எந்த மடையன் எழுதியது என்று வாய்விட்டே கேட்டேன். பிறகுதான் கையெழுத்தைப் பார்த்தேன்.

என்னுடையது.

மார்ச் 12
வேலைக்குச் சேர்ந்த புதிது. நைந்த பதிவேடுகளைப் புதுப் புத்தகத்தில் பெயர்த்தெழுதச் சொன்னார்கள். மை மங்கிய இடத்தில் 'படிக்க இயலவில்லை' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாடியேறி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். யார் ஏறுவது? 'மேற்படி' போட்டுத் தள்ளினேன். வேகமான கை என்று பாராட்டு வேறு. பழைய புத்தகங்களை எரித்துவிட்டார்கள்.

குழந்தைக்குப் பெயர்கூட இருக்காது, 'ஆண்' என்று மட்டும். அது என் அப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? — தெரிந்திருந்தால் மட்டும் ஏறியிருப்பேனா?

மார்ச் 15
சொல்லிவிட்டேன். என்னாலதாம்ப்பா போச்சு என்று அழுதேன். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மேல் வரில இருக்கறவரு பேரு என்ன?"

சொன்னேன். என்ன தொழில் என்றார். ரொட்டிக்கடை என்றேன்.

"அதான் எனக்கு ரொட்டின்னா உசுரு." அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

ஏப்ரல் 29
அப்பாவின் இறப்பைப் பதியப் போனேன். அதே பெண். தகப்பன் பெயர் கேட்டாள். அப்பாவை வளர்த்த தாய்மாமனின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ரொட்டிக்கடைக்காரரின் பெயரைச் சொன்னேன். எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.