கடைசி மழை

அடி கதைக்காரி,

ஆறு வருடமாக உன் போனை எடுக்காதவள் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே.

நேற்று உன் குதிரைராணிக் கதையின் ரசிகர்கள் கூடிய அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் ராணி மழையாகக் கரைந்துபோவது சரிதானா என்று முந்நூறு பேர் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள். மூன்றாம் பாகத்தில் நீ எழுதியது "கடைசி மலையில் மறைந்தாள்". அச்சில் வந்தது "கடைசி மழையில்". மெய்ப்புப் பார்த்தவள் நான். ஒரே ஓர் எழுத்து! புத்தகத்தில் அதைக் கண்டதும் உன் முகத்தில் விழிக்கும் தைரியம் போயிற்று. நீ கூப்பிடுவதெல்லாம் திட்டத்தான் என்று நினைத்தேன். பிறகு வந்த பாகங்களைத் தொடக்கூட இல்லை.

"மழையில கரையறதுக்கு ராணி என்ன உப்புக்கல்லா?" என்றார் ஒரு பெரியவர்.

பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் எழுந்தாள். "நாலாம் பாகம் படிச்சீங்களா சார்? மழை வந்ததும் அவளோட குதிரை மண்டி போடுது. அவதான் மழைன்னு குதிரைக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

அரங்கமே அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பிழையை நீ பார்த்திருக்கிறாய். பார்த்தும் திருத்தாமல், என் பிழைக்கு முன்னால் ஒரு குதிரையை மண்டியிட வைத்திருக்கிறாய்.

அடுத்த பாகத்துக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமாடி?

இப்படிக்கு,
உன் எழுத்துப்பிழை