இரண்டு கையிலும் பந்து

ஏப்ரல் 11, சனி

குளிர் எலும்பு வரை இறங்கிவிட்டது. மூன்று சட்டை, அதற்கு மேல் கோட்டு. அப்படியும் பேஸ்பால் மைதானத்தின் இடது பக்கப் பார்வையாளர் பெஞ்சில் ஒன்பது இன்னிங்ஸும் உட்கார்ந்து, எங்கள் அணி தோற்பதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இருபத்தாறு வருடமாக அதே பெஞ்சு. கூட்டத்துக்குள் விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம், ஆனால் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. தலைக்கு மேல் போயிருக்கிறது, காலுக்கடியில் உருண்டிருக்கிறது. ஒருமுறை என் பீர் கோப்பைக்குள்ளேயே விழுந்து எகிறி அடுத்த வரிசைக்காரனிடம் போனது. பீரும் போச்சு, பந்தும் போச்சு.

இன்று ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணிக்காரன் மைதானத்துக்கு வெளியே தூக்கி அடித்த ஹோம் ரன் நாலு வரிசை கீழே விழுந்தது. எதிரி அடித்த பந்தைத் திருப்பி மைதானத்துக்குள் எறிவதுதான் எங்கள் பெஞ்சின் மானம். அதை எடுத்த சிவப்புத் தாடிக்காரன் என்ன செய்தான்? பையில் கைவிட்டு ஏதோ பழைய பந்தை எடுத்து எறிந்தான், நல்லதை உள்ளே போட்டுக்கொண்டான். எல்லாரும் கைதட்டுகிறார்கள்! நான் எழுந்து நின்று "திருடா!" என்று கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது.

பக்கத்தில் ஓட்டிஸ் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஓய்வுபெற்ற தபால்காரன், பதினான்கு வருடமாக என் பெஞ்சுத் துணை. அவன் பையிலும் ஒரு பழைய பந்து உண்டு. பிஸ்கட் என்ற அவன் நாய் கடித்து விளையாடியது.

"நீயும் திருடன்தான்," என்றேன்.

"நான் இன்னும் திருடலையே மகராசி. சந்தர்ப்பம் வரட்டும்."

மே 20, புதன்

பள்ளிப் பேருந்தைக் காலியாக ஓட்டித் திரும்பும்போது வானொலியில் கேட்டேன். ஒன்பதில் சமனாகி, பதினோராவது இன்னிங்ஸில் வென்றோம். டிப்போ வரை ஹார்ன்.

ஜூன் 12, வெள்ளி

நாளை செயின்ட் லூயிஸ்காரர்களோடு ஆட்டம். யாரிடம் தோற்றாலும் பொறுத்துக்கொள்வேன், இவர்களிடம் மட்டும் கூடாது.

ஜன்னல் விளிம்பில் இருக்கும் காலி முட்டைக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தேன். என் பந்து வந்தால் அங்கேதான். ஸ்டான் பார்த்துவிட்டு, "என்ன வாண்டா, கோழி இந்த வருஷமாவது முட்டை போடுமா?" என்றார். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து இதே கிண்டல். துடைத்த துணியை அவர் மேல் எறிந்தேன். அது மட்டும் குறி தப்பவில்லை.

ஜூன் 13, சனி

உள்ளங்கை இன்னும் எரிகிறது. வந்தது! என் கைக்கே வந்தது!

ஏழாவது இன்னிங்ஸ். நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னால். செயின்ட் லூயிஸின் புதுப்பையன் கபெயான், பெரிய அணிக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறதாம், ஒரே வீச்சில் தூக்கினான். பந்து வெயிலுக்குள் போய் மறைந்தது. பெஞ்சில் எல்லாரும் கண் கூசி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நான் ஓடவில்லை. தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் குவித்து நின்றேன். பந்து நேராக வந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. எதிரி அடித்த பந்து.

"தூக்கி எறி! தூக்கி எறி!" பெஞ்சு முழுக்க ஒரே கூச்சல். ஓட்டிஸ் என் இன்னொரு கையில் எதையோ திணித்தான். "இத எறி. அத வச்சுக்கோ. முழிக்காத, சீக்கிரம்!" நாய் கடித்த பந்து.

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இங்கே பொய் எழுதி என்ன? இருபத்தாறு வருடம் — நானும் மனுஷிதானே! எத்தனை பேரைத் திருடன் திருடன்னு கத்தியிருப்பேன்! எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். யாரோ முதுகில் குத்தினார்கள், யாரோ கழுத்தில் பீரைக் கொட்டினார்கள், நான் இரண்டு பந்தையும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்று, ஒன்றை வீசி எறிந்தேன். பெஞ்சே எழுந்து நின்று கைதட்டியது. சிவப்புத் தாடிக்காரன்கூட. மற்றதைத் தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டேன்.

ரயிலில் தொப்பியைத் திறக்கவே இல்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "கோழி முட்டை போட்டாச்சு!" என்று ஸ்டான் மடியில் கொட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் வாண்டா, இதுல பல்லு பதிஞ்சிருக்கே?"

அழுவதா, சிரிப்பதா? திருடப் போய், அதிலும் கோட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஸ்டான் மூச்சு முட்டச் சிரித்து, கடைசியில் தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கபெயான் எங்கள் சுவரடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். குழந்தை முகம்.

"நேத்து என் பந்தத் திருப்பி எறிஞ்ச அம்மா யாரு?"

பெஞ்சில் இருந்த அத்தனை விரலும் என்னைக் காட்டின.

"அது என்னோட மொத ஹோம் ரன். இந்தப் பெஞ்சுக்காரங்க பழசத்தான் எறிவாங்க, உன் பந்த மறந்துடுன்னு எங்காளுங்க சொன்னாங்க. ஆனா பந்து மேல இருக்கற போட்டி முத்திரையப் பாத்தா அசலேதான்! ஊருல எங்கம்மாவுக்கு அனுப்பறேன். உங்கள மாதிரி நேர்மையானவங்கள நான் பாத்ததில்ல."

எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். ஓட்டிஸ் மட்டும் கடலையை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாகும்வரை இந்தப் பெஞ்சுக்கு நான்தான் ராணி. ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

எழுந்தேன். "தம்பி, நான் பழசத்தான் எறிய நெனச்சேன். கை மாறிப்போச்சு."

நாலு வரிசை கீழே சிவப்புத் தாடிக்காரன் மெதுவாக எழுந்தான். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தான்.

"திருடி!"

அவ்வளவுதான், பெஞ்சு மொத்தமும் சிரித்து உருண்டது. ஓட்டிஸுக்குப் புரை ஏறியது. கபெயானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "எப்படியோ, பந்து எனக்கு வந்துச்சுல்ல!" என்று சொல்லி வேறொரு புதுப் பந்தை மேலே என்னிடம் தூக்கிப் போட்டான்.

விட்டுவிட்டேன். விரல் நடுவே நழுவி உருண்டு, தாடிக்காரனிடம் போனது. அவனே மேலே ஏறிவந்து நீட்டினான்.

"இது அசல்தானா?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட இருந்து எனக்கு இந்தக் கேள்வி வேற!"

ஆறுக்கு ஐந்து, வென்றோம். கபெயான் மட்டையோடு வந்தபோதெல்லாம் தொண்டை கிழிய எதிர்த்துக் கத்தினேன். அன்பு வேறு, ஆட்டம் வேறு. இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

செப்டம்பர் 27, ஞாயிறு

கடைசி ஆட்டம். தோற்றோம். இனி ஏப்ரலில்தான்.

பிஸ்கட்டின் பந்தை ஓட்டிஸிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டான். "அவனுக்கு வேற வாங்கியாச்சு. இது நீ சம்பாதிச்சது."

அதனால் பல் பதிந்த பந்து இன்று முட்டைக் கிண்ணத்தில் ஏறிவிட்டது. இத்தனை நாளும் அங்கே இருந்தது கபெயான் கொடுத்தது. அதை எடுத்து, ஏப்ரலுக்கான பையில் கோட்டுக்கு அடியில் வைத்தேன்.

ஸ்டான் எட்டிப் பார்த்தார். "நல்ல பந்தாச்சே, அத ஏன் பைல வைக்கற?"

"எறியறதுக்கு," என்றேன். அசல் முத்திரை. மாற்றுப் பந்து என்று யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.