நீர் வாங்கித் தந்த மறுப்பு

மச்சாள்,

நேற்று பென்டில் ஹில் மண்டபத்தில் இருந்தவர்கள்: பெரிய ஊர்ச் சங்கங்கள் இரண்டின் தலைவர்கள், சிறிய சங்கங்கள் இரண்டின் செயலாளர்மார், எங்கள் சங்கத்துக்கு உம்முடைய இடத்தில் நான், பக்கத்தில் உம்முடைய புருஷனான என் அண்ணன். கதவடியில், கதிரை கிடைக்காமல் நகுலன். யாரோ சுக்குக் கோப்பி ஊற்றினார்கள். அந்த மணத்துக்கு உம்முடைய முகம் வந்தது. அழுகை வரவில்லை.

கோயில் திருவிழாவில் எந்த நாள் யார் சமைப்பது, என்ன சமைப்பது என்பதையெல்லாம் முன்பு பெரிய சங்கங்களே தீர்மானித்தன. "நீங்கள் வாழையிலை துடைச்சாக் காணும்" என்பார்கள் எங்களிடம். டென்மார்க்கில் இருந்துவிட்டு வந்த உமக்கு அது சிரிப்பாக இருந்தது.

"ஐரோப்பிய ஒன்றியத்தில டென்மார்க் எவ்வளவு சின்னன்? ஆனா பெரிய நாடுகள் வரமுதலே விதியளை எழுதிக்கொண்டு போய் வைக்கும். மற்றச் சின்ன நாடுகளோட முதலே கதைச்சு வைக்கும். சில விஷயத்துக்கு ஒரு நாடு மாட்டன் எண்டாலே காணும், எல்லாம் நிண்டிடும்."

அப்படியே செய்தீர். என் குசினி மேசையில் இருந்து விதிகளை எழுதினீர். மற்ற இரண்டு சிறிய சங்கத்தாரின் வீடுகளுக்கும் போய்ப் பேசினீர். கூட்டத்துக்குப் பெரியவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். உம்முடைய தாளில்தான் வெட்டித் திருத்த வேண்டியிருந்தது. எவ்வளவு வெட்டியும் ஒரு வரி தப்பியது: புதியவர்களைச் சேர்க்க எல்லாச் சங்கமும் சம்மதிக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தேன்.

அந்த வரியை நீர் முதலில் பயன்படுத்தியது நகுலன் மீது. இந்த நாட்டுக்குப் படகில் வந்து, இன்னும் நிரந்தர விசா இல்லாமல், குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக் கிடக்கிற பெடியள் நகுலனைத் தலைவனாக்கித் தாங்களும் ஒரு சங்கம் வைத்து, ஒரு நாள் சமைக்கக் கேட்டார்கள். பெரிய சங்கங்களே ஓம் என்றன. நீர்தான் மறுத்தீர்.

"தம்பி, முதல்ல விசாவை எடும். பிறகு அகப்பையை எடும்."

மண்டபமே சிரித்தது. நகுலனும் கூடச் சிரித்தான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

காரில் வரும்போது ஏன் என்று கேட்டேன். "எங்களுக்குக் கீழ ஒருத்தரும் இல்லாட்டி எங்களை ஆர் மதிக்கிறது?" என்றீர், சீற் பெல்ற்றைப் போட்டபடி.

நீர் செத்து எட்டாம் நாள், உம்முடைய எட்டுச் செலவன்று அண்டா கழுவியது அந்தப் பெடியள்தான். சமைக்க அண்ணன் விடவில்லை.

நேற்று அவர்கள் திரும்பவும் கேட்டார்கள். எல்லாரும் ஓம். மிச்சம் நான். "அவள் சொன்னதையே சொல்லு. செத்தவளின்ர சொல்லை மீறாத" என்று அண்ணன் காதுக்குள் சொன்னார். "வெள்ளிக்கிழமை சொல்லுறன்" என்று எழும்பி வந்துவிட்டேன்.

உம்முடைய படத்துக்கு நானும் பூ வைக்கிறேன், மச்சாள். கூட்டத்தில் வாய் திறக்கும் துணிவு உம்மிடம் இருந்துதான் எனக்கு ஒட்டியது. அதை வைத்துத்தான் உமக்கு எதிராக ஓம் சொல்லப்போகிறேன்.

மறுப்பு இருந்தால், வியாழனுக்குள் மறுமொழி தாரும்.