அண்ணன் வேஷத்துக்கு விழுந்த துண்டுகள்

ஜூலை 6, 2025 – ஞாயிறு

ஆடிக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு என் நாடகத்தைத்தான் போடப்போகிறார்கள். "இந்தா கலை, சண்டை இருக்கணும், அழுகை இருக்கணும், அவ்ளோதான்" என்று என்னிடம் விழாக் கமிட்டி முத்துசாமி மாமா சொல்லிவிட்டுப் போனார். இரண்டும் இருக்கிறது. தங்கை வேறு சாதிப் பையனைக் காதலித்துவிட்டாள் என்று அண்ணனே அவளை வெட்டுகிற கதை.

அண்ணன் வேஷம் என் வீட்டுக்காரர் கோபிக்கு. வேண்டுமென்றேதான் கொடுத்தேன். அவருடைய தங்கை பொன்னி, திண்டிவனத்தில் தன்னோடு லேபில் வேலை பார்க்கிற அலெக்ஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அலெக்ஸ் காலனிப் பையன், கிறிஸ்தவன். இந்த வீடு அதற்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கொலைகாரனாக நடித்துப் பார்த்தால் கோபிக்கு உறைக்காதா? உறைக்க வேண்டும்.

ஜூலை 13

தங்கை வேஷத்துக்கு திண்டிவனத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். இந்தப் பக்கத்து நாடகங்களில் ஆண் வேஷமெல்லாம் ஊர்க்காரர்கள் கட்டுவார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியூர் நடிகை. சொந்த ஊர்ப் பெண் மேடையேறினால் கௌரவம் போய்விடுமாம்!

நாடகத்தைப் படித்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்: "என்னக்கா, அண்ணனுக்குப் பக்கம் பக்கமா வசனம். எனக்கு அழுகை மட்டும்தானா? இந்தப் பொண்ணு சோறு திங்காதா, சண்ட போடாதா?"

கொலை செய்கிறவன் மனசைக் காட்டினால்தான் கதைக்கு ஆழம் வரும் என்றேன். மீசை முறுக்குகிற வில்லனை எழுத நான் என்ன அந்தக் காலத்து ஆளா? அதோடு, நல்ல வசனம் இல்லாவிட்டால் கோபி நடிக்கவே மாட்டார்.

ஜூலை 27

ஒத்திகையில் கோபி நிஜமாகவே அழுதுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆகஸ்ட் 2 – சனி

நேற்று நாடகம் அரங்கேறியது. இதை எழுதினால்தான் மனசு அடங்கும்.

பிடித்த நடிகருக்கு, நாடகம் நடக்கும்போதே மேடையேறித் துண்டு போடுவது எங்கள் ஊர் வழக்கம். போடுகிறவர் பெயரை மைக்கில் சொல்லி முடிக்கும்வரை நாடகம் அப்படியே நிற்கும். நேற்று கோபி, "தோள்ல தூக்கி வளர்த்தேனே... இந்தத் தோளையே மிதிச்சிட்டியே" என்று அரிவாளை ஓங்கினார். ஜனம் பதறும் என்று நினைத்தேன். விசில்! ஒருவர் பின்னால் ஒருவராக ஏறித் துண்டு போட்டார்கள். ஓங்கிய அரிவாளோடு இவர் நிற்கிறார், கழுத்தில் துண்டு குவிகிறது, காலடியில் ஜெசிந்தா மண்டி போட்டபடி காத்திருக்கிறாள். மைக்கில் முத்துசாமி மாமா – "மானத்தைக் காத்த அண்ணனுக்கு, மேலத்தெரு இளைஞர்கள் சார்பாக..."

"ஜல்தியா வெட்டுண்ணா!" என்று எவனோ கத்தினான்.

வெட்டினார். கைதட்டல்.

ஐயோ, நான் எழுதினதா இது? இதுக்கா எழுதினேன்? பெண்கள் பக்கம் பொன்னி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3

விழுந்த துண்டுகளையெல்லாம் கோபி துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். "ஊரே என் பக்கம் நின்னுச்சு, பாத்தியா?" என்று பொன்னியைக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இவருக்கு ஏதாவது தெரியுமா?

"பாத்தேண்ணா" என்றாள்.

ஆகஸ்ட் 6

இன்று நாடகத்தை முதலிலிருந்து படித்தேன். அண்ணனுக்குச் சின்ன வயசு இருக்கிறது, செத்துப்போன அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, ஒரு பாட்டு இருக்கிறது. தங்கைக்கு – பேரே இல்லை. கடைசிவரை "தங்கச்சி", "தங்கச்சி". நான், ஒரு பொம்பளை, இன்னொரு பெண்ணுக்குப் பேர் வைக்காமலேயே வெட்டக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் மனசுக்குள் மட்டும் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு போனால் அது அவன் பக்கம்தானே நிற்கும்?

பதினைந்தாம் தேதி பெருமுக்கல் பக்கத்தில் அடுத்த நாடகம். அதற்குள் மாற்றியாக வேண்டும். பிரபாவதி என்று பேர் வைத்தேன். வேலை கொடுத்தேன், வாய்த்துடுக்கு கொடுத்தேன். அண்ணனின் பாட்டை அடித்துவிட்டேன். ஜெசிந்தாவுக்கு போன் செய்தேன். "அப்பாடா, இனிமே நான் மனுஷிக்கா" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 10

கோபி புதுசைப் படித்தார். "இதுல நான் கெட்டவனா தெரியறேனே?"

"கூடப்பிறந்தவளை வெட்றவன் வேற எப்படித் தெரியணும்?"

தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் நாடகத்தை ஒப்புக்கொண்டாயிற்று. வேறு ஆளும் இல்லை.

ஆகஸ்ட் 16 – சனி

நேற்று ஜெசிந்தா வேலையிலிருந்து வருகிற பிரபாவதியாக, அவித்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டே மேடைக்கு வந்தாள். அண்ணன் நடையை நடந்து காட்டிக் கேலி செய்தாள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அரிவாளை ஓங்கியபோது அவள் அழவில்லை. "நீ கால்ல போட்டுக்கினு கீறது என் மொத சம்பளத்துல வாங்கின செருப்புண்ணா" என்றாள்.

ஒரு துண்டும் விழவில்லை. முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்தவள் எழுந்து, "டேய், அந்தப் பொண்ணை விடுடா பேமானி!" என்று மண்ணை வாரி இறைத்தாள். கோபிக்கு வசனம் மறந்துவிட்டது. வெட்டி முடித்தபோது ஒரு கைதட்டலும் இல்லை.

அரிதாரத்தைத் துடைக்கும்போது கேட்டார்: "ஏன் கலை என்னை அப்படிப் பாத்தாங்க?"

வீட்டுக்கு வந்தால் பொன்னி இல்லை. இன்று மத்தியானம்தான் என் போனுக்குக் கூப்பிட்டாள். "மொத நாடகத்துல விசில் அடிச்சாங்களே அண்ணி, அப்பவே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு மேல அங்க இருக்க பயமா இருந்துச்சு." புது நாடகத்தை அவள் பார்க்கவே இல்லை. மாற்றி எழுதியதை இவளிடம்தானே முதலில் காட்டியிருக்க வேண்டும்!

ஆகஸ்ட் 17

பொன்னி போன விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் முத்துசாமி மாமா ஆட்களோடு வாசலுக்கு வந்துவிட்டார். "தோள்ல தூக்கி வளர்த்தியேடா, இந்தத் தோளையே மிதிச்சிட்டாளேடா! வண்டிய எடுடா!"

என் வசனம். என் பேனாவில் வந்த வசனம், கையில் கட்டையோடு என் வாசலில் நிற்கிறது.

கோபி நாற்காலியை விட்டு எழவில்லை. "அது கலை எழுதினது மாமா. நான் எங்க அவளைத் தூக்கினேன்? எந்நேரமும் கிரிக்கெட் ஆடிக்கினு சுத்திக்கினு இருந்தேன். அவதான் எனக்குச் சோறு எடுத்து வெப்பா."

லேப் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்கள். கோபி சொல்லவில்லை. பைக் சாவியைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

பொன்னி கூப்பிட்டாள். கல்யாணம் முடிந்துவிட்டதாம். அலெக்ஸ் அம்மா நல்லமாதிரி என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள்.

இருந்தார். போனை நீட்டினேன், வாங்கவில்லை.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார்.