புளியங்கொட்டை அளவு மிச்சம்

உத்திரமேரூர்,
சனிக்கிழமை

அன்புள்ள சுகிர்தா,

இன்று எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்காமல், ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கருங்கட்டியைக் குழவியால் உடைத்துப் பார்த்தேன். கண்ணாடிபோலத் தெறித்திருக்க வேண்டும். பழைய வெல்லம்போல உதிர்ந்தது.

உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் ஓதம்.

எங்கள் ஆலையில் ஆஸ்பத்திரிக் கழிவையும் ரசாயனக் கழிவையும் சூரியன்போல எரியும் பிளாஸ்மா டார்ச் சூட்டில் உருக்கிக் கட்டியாக்குகிறோம். நன்றாக உருகினால் கண்ணாடிபோல இறுகி, ஈயம், குரோமியம் எல்லாம் உள்ளேயே அடைபட்டுவிடும். தண்ணீரில் இறங்காது. டார்ச்சை ஓட்டுவது என் வீட்டுக்காரர். கட்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான்.

நான்கு மாதமாக டார்ச்சின் முனை தேய்ந்து சூடு ஏறுவதில்லை. புதியது வரும், ஓட்டுங்கள் என்கிறார் மேனேஜர். "சூரியனையே வேலைக்கு வெச்சிக்கினு அதுக்குச் சோறு போட மாட்றானுங்க" என்று இவர் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே ஓட்டுகிறார்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். வருகிறவர்களுக்குக் காட்ட முதல் மாதத்து நல்ல கட்டி ஒன்றை மேசைமேல் வைத்திருந்தேன். ஒருநாள் அவசரத்துக்கு, அன்றைய கட்டிக்குப் பதிலாக அதிலிருந்து ஒரு சில்லை உடைத்துச் சோதிக்கச் சொன்னார் மேனேஜர். உடைத்தேன். பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. தேங்காய் அளவு இருந்தது, இப்போது புளியங்கொட்டை அளவு மிச்சம். இன்னும் ஒரு கையெழுத்துக்குப் போதும்.

அந்தக் கையெழுத்து திங்கட்கிழமைக்கு. பள்ளிக்கூட மைதானத்தை மேடாக்கப் பத்து லோடு போகிறது. மைதானத்தை ஒட்டித்தான் பிள்ளைகள் குடிக்கும் கிணறு.

நேற்று இவரிடம் பேச்செடுத்தேன். "நீ இன்னா பெரிய கலெக்டரா? ஷிப்ட் நோட்ல கீறது எம்பேரு. மாட்டுனா நான்தாண்டி உள்ள போவேன்" என்றார். அதுவும் நிஜம். சம்பளம், வீடு, இவர், நான் எல்லாம் ஒரே ஆலை கேட்டுக்குள். யாரைக் காப்பாற்றப் போனாலும் இன்னொருவர் தலையில் விழுகிறது.

டிபன் டப்பாவில் கொண்டுவந்த கட்டியின் தூளை இத்துடன் அனுப்புகிறேன். நீ வேலை பார்க்கும் லேபில் சோதித்து, முடிவை என் பெயருக்கே அனுப்பு. அது வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. மேனேஜர் சொல்லித்தான் டார்ச் ஓடியது, பொய்ச் சோதனை செய்தது நான் என்று எழுதி உறையில் போட்டுவிட்டேன். திங்களன்று கையெழுத்துக்குப் பதில் பள்ளித் தலைமையாசிரியர் கையில் அந்த உறையைக் கொடுப்பேன். இவருக்கு இன்னும் தெரியாது.

உன் பிள்ளைகள் எந்த மண்ணில் விளையாடினாலும் நன்றாக இருக்கட்டும். ஞாயிறு ஆராதனையில் இவருக்காக ஜெபம் பண்ணு. எனக்காக வேண்டாம்.

உன்,
ஜெயப்பிரியா